தவிட்டுக்கு வாங்கிய பெயர்

அத்தியாயம் பதினொன்று

கல்யாணக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விஜிதரன் போன வாரம் ஒரு பேச்சை ஆரம்பித்தானே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கல்யாணத்தன்னைக்குத் தவிட்டம்மா அந்தப் பேர..." என்றான். அதற்குள் ஃபோன் அடித்தது. பேசிக்கொண்டே சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

மீதியை அவனும் சொல்லவில்லை, வீரம்மாவும் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா என்ன என்று மீதியைத் தானே நிரப்பிக்கொண்டாள். பெற்றவர்களிடம் எனக்கு ஆகாத குணம் இது ஒன்றுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த வாரம் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது, நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தப் பேரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விஜிதரன் பிறந்தபோது விஜிதரன் இல்லை. பிச்சை. தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தான். அவனுக்கு முன்னால் வீரம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தங்கவில்லை. ஒருவனுக்கு ராஜேந்திரன், அடுத்தவனுக்குச் செல்வராஜா என்று ராஜாவாகப் பார்த்துப் பார்த்துத்தான் பேர் வைத்தார்கள். எமனுக்கும் அந்தப் பேர்கள் பிடித்துப்போய்விட்டன என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது பிறந்ததும் பழைய வழக்கத்தைச் செய்தார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்தி, லயத்துக் கோடியில் இருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டு வீரம்மா திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராக்காயி போய்த் தூக்கினாள். ஒரு கொத்துத் தவிட்டை வீரம்மாவின் மடியில் கொட்டி, பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொண்டாள். வாங்கியவள்தான் பேர் வைக்க வேண்டும். பிச்சை என்று வைத்தாள். கடவுள் போட்ட பிச்சை. யாரும் கண் வைக்க முடியாத பேர். எமனே வந்தாலும், இதையா தூக்கிக்கொண்டு போவது என்று திரும்பிப் போய்விடுவான்.

பிள்ளை தங்கினான். பால் குடித்ததும் தூங்கியதும் வீரம்மாவிடம்தான். ஆனால் பேர் ராக்காயிக்குச் சொந்தம். அவளை அவன் தவிட்டம்மா என்று கூப்பிட்டான். வாங்கியவள் பிள்ளையைப் புகழக் கூடாது, திட்டித்தான் வளர்க்க வேண்டும் என்பது முறை. ராக்காயி அந்த முறையை ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். "டேய் பிச்ச, எருமமாட்டுப் பயலே, சட்டையப் போடுடா, குளிருது" என்று அவள் வாசலில் நின்று கத்துவது கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்கும்.

இப்போதுதான் இது அதிசயமான பேர். ஒரு காலத்தில் மலையில் இந்தப் பேர் இல்லாத தோட்டமே கிடையாது. காலைப் பெரட்டில் ஆள் எடுக்கும்போது கங்காணி பிச்சை என்று கூப்பிட்டால் நாலு பேர் 'ஏன்' என்று குரல் கொடுப்பார்கள். அதனால் நெட்டைப் பிச்சை, மூக்குத்திப் பிச்சை, மாட்டுக்காரப் பிச்சை என்று அடைமொழி வைத்துப் பிரித்தார்கள். திருச்சிப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் இருந்து வந்த சனம் சட்டி பானையோடு இந்தப் பேரையும் கொண்டுவந்திருந்தது. எத்தனை வீட்டில் பிள்ளை தங்காமல் போயிருந்தால் ஒரு லயத்தில் நாலு பிச்சை இருந்திருப்பார்கள், நீங்களே யோசித்துப் பாருங்கள். இன்று அதே மேல்கணக்கில் பிறக்கிற பையன்களுக்கு 'ஷ்' போட்டு முடிக்காமல் பேர் வைப்பதில்லை. பிள்ளைகளும் நல்லபடியாகத் தங்குகிறார்கள், அது வேறு விஷயம்.

விஜிதரனின் அப்பா நல்லமுத்து ஹட்டனில் ஒரு கடையில் வேலை கிடைத்துக் குடும்பத்தை டவுனுக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் வினை பிடித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேரைக் கூப்பிட்டதும் பின் பெஞ்சில் இருந்து ஒருவன், "சில்லறை இல்லப்பா, அடுத்த வீட்டுக்குப் போ" என்பான். வகுப்பே சிரிக்கும். வருஷக் கணக்காக அதே பேச்சு, அதே சிரிப்பு. பையன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. படித்து முடித்து, காப்புறுதி கம்பெனியில் வேலைக்குப் போகும் முன்னால், தானே பேரை விஜிதரன் என்று மாற்றிக்கொண்டு வந்து நின்றான். நல்லமுத்து அந்தக் கடுதாசியை வாங்கிப் பார்த்து, மடித்து வைத்தார். அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ராக்காயியிடம் விஜிதரன் சொல்லவே இல்லை. யாரோ போய்ச் சொன்னார்கள். எழுதுறத என்னாத்தையும் எழுதிக்கட்டும், நான் கூப்புடுறதுதான் கூப்புடுவேன் என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போனாளாம்.

இதோ, வியாழக்கிழமை கல்யாணம். பெண் வினோதா, நுவரெலியாவில் டீச்சர். அவள் அப்பா யோகேஸ்வரன் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சும் நடையும் அளந்துதான் இருக்கும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் ஒரு முறை பாக்கி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன்னால், வாங்கியவள் சபையில் நின்று பேரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட வேண்டும். பெற்றவள் தவிட்டையும் புதுச் சேலையையும் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்டுக் கொடுத்த பிறகு வாங்கியவள் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது.

மண்டபம் நிறைய சனம். முன் வரிசையில் யோகேஸ்வரன். ராக்காயியின் தொண்டையில், பிச்ச, பிச்ச, பிச்ச. இதை நினைத்து நினைத்தே வீரம்மா ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டு, தவிட்டை ஒரு பையில் கட்டிக்கொண்டு தலவாக்கலை பஸ்ஸில் ஏறினாள். அவன் கம்பெனியில் கொடுத்த சிவப்புப் பை அது.

தலவாக்கலை டவுனில் இறங்கி, சேலை எடுக்கப் போனது பைஸர் கடைக்கு. முப்பது வருஷமாக அங்கேதான் எடுக்கிறாள். ராக்காயிக்குப் பிடித்த பச்சையில், மஞ்சள் கரை வைத்து ஒன்று எடுத்தாள். பைஸர் மடித்துக்கொண்டே, பிச்சைக்குக் கல்யாணமாமே என்று சந்தோஷமாகக் கேட்டார். வீரம்மா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்ப விஜிதரன்னு சொல்லணுங்க முதலாளி என்றாள்.

பைஸர் சிரித்தார். "எங்க வாப்பாட வாப்பாவும் பிச்சைத்தம்பிதான். அவருக்கு மூத்தது அஞ்சு மௌத்தாப் போனதாம். வெளிய போர்டைப் பாக்கலையா நீங்க?"

பார்த்திருக்கிறாள், வாசித்ததில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பிச்சைத்தம்பி அன் சன்ஸ். பெரிய எழுத்தில், லைட் எல்லாம் போட்டு. முப்பது வருஷமாக அதன் அடியில்தான் நுழைந்து போயிருக்கிறாள். இவங்களுக்கு என்னா, கடை முதலாளிங்க, எந்தப் பேரையும் போட்டுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். அந்த இடத்திலாவது கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நிற்கவில்லை.

மேல்கணக்கில் ராக்காயி தனியாகத்தான் இருக்கிறாள். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், வேலையில் இருந்தும் நின்றுவிட்டாள். வீரம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வீரம்மா வாயைத் திறப்பதற்குள் அவளே பேச்சை எடுத்துவிட்டாள்.

"ஏ புள்ள, ஹோல்ல மைக் இருக்குமா, இல்ல நானே கத்தணுமா? ரெண்டு நாளா தொண்ட கரகரங்குது. கொத்தமல்லித் தண்ணி வச்சுக் குடிக்கிறேன்."

வீரம்மாவுக்குச் சட்டென்று எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பை ராக்காயி எடுத்துக் காட்டினாள். போட்டுப் பழகாவிட்டால் அன்றைக்குக் கடிக்கும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கிறாளாம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தா, பெண் வீட்டாரைப் பார்த்தா என்று கேட்டாள். வீரம்மா தேயிலைச் சாயத்தண்ணீரைக் குடித்தாள். பிறகு சிவப்புப் பையைத் திறந்து, தவிட்டையும் சேலையையும் எடுத்து வெளியே வைத்தாள்.

ராக்காயி சேலையைப் பார்க்கவில்லை. தவிட்டைத்தான் பார்த்தாள்.

"இன்னைக்கேவா?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி வீட்டார் பெரிய மனிதர்கள் என்றாள். பையன் பட்டது போதும் என்றாள். அந்தப் பேரைக் கேட்டு மண்டபத்தில் யாராவது சிரித்தால் அவன் தாங்க மாட்டான் என்றாள். அவன்தான் இப்படிச் செய்யச் சொன்னான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் "புள்ளதான் சொன்னுச்சா?" என்று ராக்காயி கேட்டபோது, இல்லை என்றும் அவள் சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் தவிட்டை வாசலில் வீசியிருப்பார்கள். ராக்காயி அப்படிச் செய்யவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தலையை வாரி முடிந்தாள். சபை இல்லை, மாப்பிள்ளை இல்லை. வாசற்படியில் நின்று, எதிரே இருக்கிற தேயிலைச் சரிவைப் பார்த்து, பிச்ச என்று கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. திரும்பி வந்து தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"இந்தா, ஒன் புள்ள. இனிமே நீயே வச்சுக்க."

முறைப்படி எல்லாம் முடிந்தது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும், முன் வரிசையில் உட்காரணும் என்று வீரம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். ராக்காயியும் சரி சரி என்றாள். கார்டை நாங்க குடும்பமா வந்து குடுப்போம் என்று சொல்லிவிட்டு வீரம்மா வேகமாக இறங்கிவிட்டாள். சிவப்புப் பையை மறந்து விட்டுவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

மனசு கனமாக இருந்தது. ஆனாலும் ஒரு பாரம் இறங்கிய நிம்மதியும் இருந்தது, பொய் சொல்வானேன். ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் விஜிதரன் ஃபோன் பண்ணினான்.

வினோதாவைக் கூட்டிக்கொண்டு தவிட்டம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறானாம். நுவரெலியாவில் இருந்து நேராக வந்துவிட்டானாம். முதல் கார்டு தவிட்டம்மாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருக்கிறானாம். பிறகு அவன், போன வாரம் பாதியில் விட்டதை இன்றைக்கு முழுசாகச் சொன்னான்.

"அன்னைக்குத் தவிட்டம்மா அந்தப் பேர மைக்குல நல்லாச் சத்தமாச் சொல்லணும்மா. நான் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சு. வினோதாவுக்கே இன்னும் தெரியாது. என் வாயால சொல்ல வரமாட்டேங்குது. தவிட்டம்மா வாயால அவ மொதல்ல கேக்கட்டும்."

இப்போதாவது வீரம்மா வாயைத் திறந்திருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லி, போகாதப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. "சரிப்பா, பாத்துப் போ" என்றாள். அவன் வைத்துவிட்டான். பஸ் வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போயிற்று. வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஹட்டன் வரைக்கும் அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒரு தோடம்பழத்தை உரித்து அவள் கையில் வைத்தாள். அதை வீரம்மா தின்னவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மேல்கணக்கில் மழை தூற ஆரம்பித்திருந்தது. ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு இருவரும் ஒரே குடையில் படியேறி வந்தார்கள். விஜிதரனுக்குச் சின்னப்பிள்ளை போல் சந்தோஷம். இந்தப் படியில்தான் விழுந்து முழங்கால் உடைந்தது, இந்தப் பீலியில்தான் குளிப்பது என்று வினோதாவுக்குக் காட்டிக்கொண்டே வந்தான். வாசலுக்கு வருவதற்கு முன்பே திட்டு விழும் என்று காத்திருந்தான். ஒரு வருஷமாக வராத பயலுக்கு எப்படிப்பட்ட திட்டு விழ வேண்டும்!

ராக்காயி வாசலுக்கு வந்தாள். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க தம்பி. வாம்மா. உள்ள வாங்க, நனையுறீங்க."

விஜிதரன் சிரித்தான். வினோதா இருப்பதால் கேலி செய்கிறாள் என்று நினைத்தான். ராக்காயி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உக்காருங்க என்றாள். அவனுக்கு எப்போதும் கொடுக்கிற தகரக் குவளையில் ஊற்றாமல், அலுமாரியில் இருந்து பூப்போட்ட கோப்பையை எடுத்துக் கழுவி, சாசரோடு கொண்டுவந்து வைத்தாள். நல்லா இருக்கீங்களா, வேலையெல்லாம் எப்படிப் போவுது என்று கேட்டாள். அவன் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றுபோனது.

"தவிட்டம்மா, இது வினோதா. என் பேரு என்னான்னு இவகிட்ட நீ சொல்லு."

"விஜிதரன்னுதானே தம்பி கார்டுல போட்டிருக்கும்? நல்ல பேரு."

அப்போதுதான் மூலையில் இருந்த சிவப்புப் பை அவன் கண்ணில் பட்டது. தன் கம்பெனிப் பை. அதன் பக்கத்தில், மடிப்புக் கலையாத பச்சைச் சேலையும் ஒரு சுளகில் தவிடும் இருந்தன. அவனுக்கு முறை தெரியும். தவிடும் சேலையும் சேர்ந்து இருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா எப்ப வந்துச்சு என்று கேட்டான். காலையிலங்க என்றாள் ராக்காயி. அவன் எழுந்து அவள் அருகில் போய் நின்றான்.

"எனக்குத் தெரியாது தவிட்டம்மா. சத்தியமாத் தெரியாது. ஒரே ஒரு தடவ கூப்புடு. போதும்."

ராக்காயிக்குச் சொல்ல ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் குப்பைமேட்டில் இருந்து தூக்கிய நாளில் இருந்து அவள் அந்தப் பேரை எதற்காகக் கத்தினாளோ, அதே காரணத்துக்காகத்தான் இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாங்க தம்பி. மீட்டுக் குடுத்தாச்சு. இனி நான் சொன்னா ஒங்களுக்கு ஆகாது."

அவன் கார்டை நீட்டினான். வெளியாள் கொடுக்கிற கார்டை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். "முடிஞ்சா வரப் பாக்குறேங்க" என்றாள். வாசலோரம் புதுச் செருப்பு ஜோடியாக இருந்தது. இனி அதைப் போட்டு நடப்பாளோ மாட்டாளோ, எனக்கே இன்னும் தெரியவில்லை.

இருவரும் இறங்கினார்கள். விஜிதரன் குடையை வினோதாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நடந்தான். இந்தப் படிகளில் அவன் இறங்கிப் போகும்போதெல்லாம், டேய் பிச்ச, வழுக்கும், பாத்துப் போடா என்று பின்னால் இருந்து ஒரு சத்தம் வரும். பாதை முடக்கு திரும்பும் வரைக்கும் வரும். வேலைக்குப் போன பிறகு அந்தச் சத்தம் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று வேகமாக இறங்கிப் போயிருக்கிறான். இன்றைக்கு மெதுவாக இறங்கினான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினான். முடக்கு வந்தது. சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். ராக்காயி வாசலில்தான் நின்றாள்.

வினோதா குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். அவன் அழுகிறான் என்பது அந்த மழையிலும் அவளுக்குத் தெரிந்தது. மெல்லக் கேட்டாள்.

"அந்த அம்மா ஒங்களுக்கு என்னா முறை வேணும்?"

இன்று காலை வரைக்கும் அதற்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது.